நினைவகத்தை விரட்டலாமா?

உங்கள் பள்ளியில் தேர்வு மதிப்பெண்களைக் கணிப்பொறியில் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறிவியலில் நீங்கள் பெற்றது 87. கணிப்பொறிக்கு நம்மைப்போல் பத்து இலக்கங்கள் தெரியா. 0, 1 என்ற இரண்டே தெரியும். ஆகவே அது 87 என்பதை 01010111 என்று எழுதி வைக்கிறது. 64, 16, 4, 2, 1 ஆகியவற்றைக் கூட்டினால் 87 வருகிறது அல்லவா? இப்போது இடமிருந்து இரண்டாவதாக உள்ள 1 எப்படியோ 0 ஆகிவிடுகிறது. 64 காணாமற் போகிறது. உங்கள் மதிப்பெண் 23!

புகை எழவில்லை. ஓசை கேட்கவில்லை. திரையில் எச்சரிக்கை ஏதும் வரவில்லை. 87ஐ எவ்வளவு உறுதியாகக் காட்டியதோ, அவ்வளவு உறுதியாகவே கணிப்பொறி 23ஐயும் காட்டுகிறது. தான் தவறியது அதற்கே தெரியாது.

இப்படி நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்கும், ஆனால் மிக அரிதாகவே நடக்கும். அந்த அரிய தவற்றை அடிக்கடி நிகழச் செய்யும் வழி ஒன்று உண்டு. நினைவகத்தைத் தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதே அது. இதனை ஓவர்கிளாக்கிங் என்பார்கள். கணிப்பொறி விளையாட்டுகளில் நாட்டம் உள்ள பலர் இதைச் செய்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் இதைப்பற்றிப் பேசுபவர் ஒருவர் இருக்கக்கூடும். இது குற்றமா? இல்லை. ஆனால் வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதை அறிந்த பிறகே இதில் இறங்க வேண்டும். அந்த விலையைத்தான் இக்கட்டுரையில் கணக்கிடப் போகிறோம்.

ஓட்டைக் குடங்கள்

கணிப்பொறிக் கடைகளில் ரேம் என்று கேட்டால் கையில் கொடுப்பார்களே, அந்தப் பச்சை அல்லது கறுப்பு நிறப் பலகையில் சில்லுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு சில்லுக்குள்ளும் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் உள்ளன. ஓர் அறையில் இருப்பவை இரண்டே பொருள்கள்: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. டிரான்சிஸ்டர் அந்த அறையின் கதவு.

இந்த எளிய அமைப்பை 1966ஆம் ஆண்டில் கருதிக் கண்டவர் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனப் பொறியாளர் ராபர்ட் டெனார்டு. 1968இல் அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்னும் நினைவகச் சில்லில் 1,024 பிட்டுகளே அடங்கின. இன்று 16 கிகாபைட் நினைவகப் பலகை ஒன்றில் 13,700 கோடிக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கின்றன.

அந்த மின்தேக்கி எவ்வளவு சிறியது? அதன் மின்தேக்குத் திறன் ஏறத்தாழ 10 ஃபெம்டோஃபாரட் என்று கொள்வோம். ஃபெம்டோ என்றால் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. சொற்களால் குழம்ப வேண்டாம். 1 என்ற எண்ணை 1-க்குப் பின் 15 சுழிகள் உள்ள எண்ணால் வகுத்தால் வருவது ஃபெம்டோ. இயற்பியல் பாடத்தில் படித்த வாய்பாடு நினைவிருக்கிறதா? மின்னூட்டம் என்பது மின்தேக்குத் திறனையும் மின்னழுத்தத்தையும் பெருக்கினால் வருவது. மின்னழுத்தம் 1.1 வோல்ட் என்று வைத்துப் பெருக்கி, ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 70,000 எலக்ட்ரான்கள் என்று விடை வரும்.

70,000 என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 20 மில்லி ஆம்பியரில் எரியும் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கின் வழியே ஒரு நொடியில் ஆயிரம் கோடி கோடிக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்கள் பாய்கின்றன. அதோடு ஒப்பிட்டால், உங்கள் மதிப்பெண்ணின் ஒரு பிட்டைத் தாங்கி நிற்பது ஒரு துளிகூட அன்று, துளியின் தூசு!

அந்தத் தூசும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அறையின் கதவு முழுமையாக மூடுவதில்லை. மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் நீர் நிற்குமா? வற்றுவதற்கு முன் மீண்டும் நிரப்பினால்தான் நிற்கும். டி.டி.ஆர்.4 வகை நினைவகத்தில் ஒவ்வோர் அறையும் 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை படிக்கப்பட்டு மீண்டும் நிரப்பப்பட வேண்டும் என்பது விதி. சில்லின் வெப்பநிலை 85 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கசிவு விரைவாகும். அப்போது அந்தக் கெடு 32 மில்லி நொடியாகப் பாதியாகக் குறைகிறது. நீங்கள் ஒருமுறை கண் இமைப்பதற்குள் நினைவகம் முழுவதும் ஒருமுறையேனும் நிரப்பப்பட்டுவிடுகிறது.

படிப்பதும் எளிய வேலை அன்று. கதவு திறந்ததும் அறையில் உள்ள மின்னூட்டம் ஒரு நீண்ட கம்பியில் பரவுகிறது. அறையைவிடப் பல மடங்கு மின்தேக்குத் திறன் உள்ள கம்பி அது. அதன் அழுத்தத்தில் உண்டாகும் மாற்றம் ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குதான். அந்தச் சிறு ஏற்றத்தையோ இறக்கத்தையோ உணர்ந்து, அதைப் பெருக்கி, இது 1, இது 0 என்று தீர்ப்புச் சொல்வதற்கு உணர்பெருக்கி என்ற சுற்று உள்ளது. தீர்ப்புச் சொல்ல அதற்குச் சிறிது நேரம் வேண்டும். இந்தச் சிறிது நேரம் என்பதை மனத்தில் இருத்துங்கள். கட்டுரையின் மையமே இதுதான்.

தாளம் போடும் கடிகாரம்

கணிப்பொறியில் ஒவ்வொரு வேலையும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப நடக்கிறது. பாட்டுக்குத் தாளம் போன்றது இது. டி.டி.ஆர்.5-6000 என்று பெயரிட்டு விற்கப்படும் நினைவகத்தின் கடிகாரம் ஒரு நொடியில் 300 கோடி முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்தில் ஒரு பிட், இறக்கத்தில் ஒரு பிட் என்று இரண்டு பிட்டுகள் ஒரு கம்பியில் செல்கின்றன. அதனால்தான் பெயரில் 3000 என்று இல்லாமல் 6000 என்று இருக்கிறது.

ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? ஒரு நானோ நொடியில் ஆறில் ஒரு பங்கு. வெற்றிடத்தில் ஒளியே அந்நேரத்தில் 5 சென்டிமீட்டர்தான் செல்லும். தாய்ப்பலகையின் செப்புக் கம்பிகளில் மின்குறி அதில் ஏறத்தாழப் பாதித் தொலைவே செல்கிறது, அதாவது 2.5 சென்டிமீட்டர். செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே 10 சென்டிமீட்டர் தொலைவு என்று வைத்துக்கொண்டால், ஒரே கம்பியில் நான்கு பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் செல்வது சேருமிடத்தை அடையும் முன்பே பின்னால் வருபவை புறப்பட்டுவிட்டன.

அவற்றைப் பெற்றுக்கொள்ளும் சுற்று சரியான கணத்தில் கண் திறந்து பார்க்க வேண்டும். சற்று முந்தினால் முன்னைய பிட்டின் வால் தெரியும். சற்றுப் பிந்தினால் அடுத்த பிட்டின் தலை தெரியும். கணிப்பொறியை முடுக்கியதும், திரையில் எதுவும் தோன்றாமல் சிறிது நேரம் கழிகிறதே, அந்நேரத்தில் நடக்கும் வேலைகளுள் ஒன்று இந்தச் சரியான கணத்தை ஒவ்வொரு கம்பிக்கும் தேடிக் கண்டுபிடிப்பதாகும். இதைப் பயிற்றுதல் என்பார்கள். கடிகாரத்தை விரைவாக்க விரைவாக்க அந்தச் சன்னல் குறுகிக்கொண்டே போகிறது.

பெரிய எண் என்றால் பெரிய வேகமா?

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நினைவகப் பலகையின் மேல் ஒட்டியுள்ள தாளில் சி.எல். என்று ஓர் எண் இருக்கும். ஓர் அறையின் செய்தியைக் கேட்ட பிறகு அது வந்து சேரக் காத்திருக்க வேண்டிய கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை அது.

டி.டி.ஆர்.-400, சி.எல். 3: ஒரு துடிப்பு 5 நானோ நொடி. மூன்று துடிப்புக்கு 15 நானோ நொடி.

டி.டி.ஆர்.4-3200, சி.எல். 16: ஒரு துடிப்பு 0.625 நானோ நொடி. பதினாறு துடிப்புக்கு 10 நானோ நொடி.

டி.டி.ஆர்.5-6000, சி.எல். 30: ஒரு துடிப்பு 0.333 நானோ நொடி. முப்பது துடிப்புக்கு 10 நானோ நொடி.

வியப்பாக இல்லையா? 400 என்ற எண் 6000 ஆயிற்று, பதினைந்து மடங்கு. ஆனால் காத்திருக்கும் நேரம் பதினைந்தில் ஒன்றாகக் குறையவில்லை. 15இலிருந்து 10 ஆகத்தான் குறைந்தது. காரணம் என்ன? கம்பியில் பிட்டுகளை நெருக்கி அனுப்பப் பொறியாளர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த ஓட்டைக் குடத்தைத் திறந்து, தூசளவு மின்னூட்டத்தை உணர்ந்து, தீர்ப்புச் சொல்வதற்கு வேண்டிய நேரம் பெரிதும் குறையவில்லை. அது இயற்கை விதிக்கும் கெடு. அதை எந்தப் பெயர்ப் பலகையாலும் மாற்ற முடியாது.

இப்போது நீங்களே ஒரு கணக்கைச் செய்யுங்கள். டி.டி.ஆர்.4-3600, சி.எல். 18 என்பது ஒன்று. டி.டி.ஆர்.5-6400, சி.எல். 32 என்பது மற்றொன்று. முதல் பிட்டை விரைவில் தருவது எது? விடை கட்டுரையின் இறுதியில் உள்ளது.

விட்டுவைத்த இடைவெளி

ஒரு பாலத்தில் 20 டன் வரை செல்லலாம் என்று எழுதியிருக்கிறது. 21 டன் லாரி ஏறியதும் பாலம் இடிந்து விழுமா? விழாது. கட்டிய பொறியாளர் வெள்ளம், பழமை, காற்று, கணக்கில் வராத குறை ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஓர் இடைவெளி விட்டுத்தான் அந்த எண்ணை எழுதியிருப்பார்.

நினைவகத் தயாரிப்பாளரும் அவ்வாறே செய்கிறார். ஒரே வார்ப்பில் பிறந்த சில்லுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை; சில விரைந்தவை, சில மெதுவானவை. எல்லாவற்றையும் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். பெயர்த்தாளில் எழுதிய வேகம், வெப்பம் மிகுந்தாலும், மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும், சில ஆண்டுகள் பழகினாலும் சில்லு தவறாது என்பதற்கான உறுதிமொழி. ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு இவ்விதிகளை வகுக்கிறது. டி.டி.ஆர்.4 விதிகள் 2012இலும், டி.டி.ஆர்.5 விதிகள் 2020இலும் வெளியாயின.

இந்த விதிகளுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடத்தக்கது என்று பலகையைத் தயாரித்தவரே சோதித்து, அதற்கான அளவுகளை அதிலேயே பதிந்து விற்பதும் உண்டு. இன்டெல்லின் எக்ஸ்.எம்.பி., ஏ.எம்.டி.யின் எக்ஸ்போ என்பவை இவ்வகையைச் சேர்ந்தவை. பயாஸ் திரையில் ஒரு வரியைத் தேர்ந்தால் போதும், வேகம் கூடிவிடும். பலரும் இதை ஓவர்கிளாக்கிங் என்று கருதுவதில்லை. ஆனால் இதுவும் அதுவே. பலகை அந்த வேகத்தைத் தாங்கும் என்று சோதித்திருப்பார்கள். ஆனால் உங்கள் செயலியும் உங்கள் தாய்ப்பலகையும் அதனோடு சேர்ந்து தாங்குமா என்பதை உங்கள் கணிப்பொறியில்தான் அறிய முடியும்.

ஆகவே ஓவர்கிளாக்கிங் என்பது இல்லாத வேகத்தை உண்டாக்குவது அன்று. பொறியாளர் விட்டுவைத்த இடைவெளியைச் செலவு செய்வதே அது. சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவிடுவது போன்றது. எடுக்கலாம், ஆனால் எவ்வளவு மீதி இருக்கிறது என்று சொல்லும் கணக்குப் புத்தகம் நம் கையில் இல்லை.

மூன்று திருகுகள்

நினைவகத்தை விரட்டுபவர் கையில் மூன்று திருகுகள் உள்ளன.

முதல் திருகு, கடிகாரத்தின் அதிர்வெண். இதைக் கூட்டினால் ஒரு நொடியில் செல்லும் செய்தி மிகும். ஒவ்வொரு பிட்டின் சன்னல் குறுகும்.

இரண்டாவது திருகு, காத்திருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை. சி.எல். முதலிய நான்கைந்து எண்களைப் பலகையின் தாளில் 30-36-36-76 என்பது போல் காணலாம். வரிசையைத் திறப்பதற்கு, செய்தியைப் பெறுவதற்கு, மூடி அடுத்ததற்கு ஆயத்தமாவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்பு. இவற்றைக் குறைத்தால், உணர்பெருக்கி தீர்ப்பை முடிக்கும் முன்பே விடையைப் பறிக்க நேரும்.

மூன்றாவது திருகு, மின்னழுத்தம். இதைக் கூட்டினால் சுற்றுகள் விரைவாக நிலை மாறும். குறுகிய சன்னலிலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இதற்கு ஒரு தண்டனை உண்டு. சுற்றுகள் நிலை மாறும்போது செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. டி.டி.ஆர்.5 நினைவகத்தின் விதிப்படியான அழுத்தம் 1.1 வோல்ட். அதை 1.35 வோல்ட்டாக்கினால் திறன் ஒன்றரை மடங்கு ஆகிறது. அதோடு 4800ஐ 6000 ஆக்கினால் ஏறக்குறைய இரு மடங்கை நெருங்குகிறது. அத்தனையும் வெப்பமாகும். வெப்பம் மிகுந்தால் குடத்தின் ஓட்டை பெரிதாகும் என்று மேலே கண்டோம். ஆக, பிழையைத் தடுக்கக் கூட்டிய அழுத்தமே வேறொரு வாயில் வழியாகப் பிழையை அழைத்து வரக்கூடும்.

மார்கழிக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய கணிப்பொறி சித்திரை வெயிலில் தடுமாறுவது இதனால்தான்.

அழும் பிழையும் அழாப் பிழையும்

நினைவகம் தவறினால் என்ன ஆகும்? இரு வகையாக ஆகலாம். தவறிய பிட், இயக்கத்துக்கு இன்றியமையாத கட்டளை ஒன்றில் இருந்தால் கணிப்பொறி முடங்கி நீலத் திரை காட்டும். அல்லது தானே நின்று மீண்டும் தொடங்கும். இது அழும் குழந்தை. தொல்லைதான், ஆனால் ஏதோ கோளாறு என்று நமக்குத் தெரிந்துவிடும்.

தவறிய பிட் ஒரு படத்திலோ, கட்டுரையிலோ, மதிப்பெண் பட்டியலிலோ இருந்தால் கணிப்பொறி முடங்காது. தவறான எண்ணை வட்டில் எழுதிவிடும். மறுநாள் அந்தக் கோப்பைப் படி எடுத்து வைப்பீர்கள்; படியிலும் அதே தவறு இருக்கும். பல மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும். சில வேளை தெரியாமலே போகும். இது அழாத குழந்தையின் காய்ச்சல். அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொறியாளர் ரேமண்ட் சென் 2005இல் ஒரு புதிரான அனுபவத்தை எழுதினார். வாடிக்கையாளரின் கணிப்பொறிகள் முடங்கும்போது அனுப்பும் அறிக்கைகளை அவர் ஆராய்ந்தார். அவற்றுள் சில, செயலிக்குள் இருக்கும் ஓர் எண்ணைச் சுழியாக்கும் மிக எளிய கட்டளையில் நின்று போயிருந்தன. நினைவகத்தைத் தொடாத அக்கட்டளை தவறுவதற்கு வழியே இல்லை! உரியவர்களைக் கேட்டபோது விடை கிடைத்தது: கணிப்பொறிகள் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டப்பட்டிருந்தன. சிலருக்கு அது தெரியவே தெரியாது. விற்ற கடையிலேயே சொல்லாமல் முடுக்கி விற்றிருந்தார்கள். அது செயலியைப் பற்றிய கதை. ஆனால் நினைவகத்துக்கும் பாடம் ஒன்றே. நிரலில் பிழை தேடி எத்தனை பேர் எத்தனை நாள் அலைந்திருப்பார்கள், எண்ணிப் பாருங்கள்.

அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து இலட்சம் கணிப்பொறிகளின் முடக்க அறிக்கைகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செயலியைச் சிறிதளவு முடுக்கினாலும் முடக்கம் மிகுகிறது என்றும், குறித்த வேகத்துக்குக் கீழே ஓடும் கணிப்பொறிகள் குறைவாகவே முடங்குகின்றன என்றும் அவர்கள் கண்டார்கள். வன்பொருள் கோளாறால் ஒருமுறை முடங்கிய கணிப்பொறி மீண்டும் முடங்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பதும் அவர்களது முடிவு.

ஒரே ஒரு பிட் என்ன செய்யும் என்பதற்குப் பெல்ஜியம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் நடந்த தேர்தலில், பிரசெல்சு நகரைச் சேர்ந்த ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு, கிடைக்கக்கூடியதைவிட அதிக வாக்குகள் கணிப்பொறியில் பதிவாகியிருந்தன. வாக்கு அட்டைகளை மீண்டும் எண்ணினார்கள். கூடுதலாக இருந்தவை சரியாக 4,096 வாக்குகள். 4,096 என்பது என்ன? இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண். நினைவகத்தில் ஒரு பிட் 0இலிருந்து 1 ஆகியிருக்க வேண்டும் என்று வல்லுநர்கள் கருதினார்கள். அங்கே யாரும் கணிப்பொறியை முடுக்கவில்லை. ஒழுங்காக ஓடும் நினைவகத்திலும் இப்படி ஒரு தவறு நேரலாம் என்றால், விளிம்பில் ஓடும் நினைவகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

தேறியது என்றால் என்ன பொருள்?

“என் கணிப்பொறி நன்றாகத்தான் தொடங்குகிறது, விளையாட்டும் ஓடுகிறது. ஆகவே நிலையாக இருக்கிறது” என்று உங்கள் நண்பர் சொல்லலாம். அவர் கண்ட காகங்கள் எல்லாம் கறுப்பு என்பதால் வெள்ளைக் காகமே இல்லை என்று சாதிப்பவரைப் போன்றவர் அவர்.

நினைவகத்தைச் சோதிப்பதற்கென்றே நிரல்கள் உள்ளன. மெம்டெஸ்ட்86 என்பது அவற்றுள் பழமையான ஒன்று. அது செய்வது என்ன? எல்லா அறைகளிலும் 0 எழுதிப் படிக்கிறது. பிறகு 1 எழுதிப் படிக்கிறது. பிறகு 0101 என்றும் 1010 என்றும் மாறி மாறி எழுதுகிறது. அண்டை அறைகள் எல்லாம் எதிர்மாறாக இருக்கும்போது நடு அறை தன் செய்தியைக் காக்கிறதா என்று பார்க்கிறது. எழுதியது ஒன்று, படித்தது வேறொன்று என்றால் சிவப்பு எழுத்தில் காட்டுகிறது.

எவ்வளவு நேரம் சோதிக்க வேண்டும்? கணக்கிடுவோம். டி.டி.ஆர்.5-6000 பலகைகள் இரண்டை இரு தடங்களில் பொருத்தினால், உச்ச வேகத்தில் நொடிக்கு 76,800 கோடி பிட்டுகள் செல்லும். உங்கள் அமைப்பு 10 கோடிக் கோடியில், அதாவது 1-க்குப் பின் 15 சுழிகள் உள்ள எண்ணிக்கையில், ஒரு பிட்டைத் தவறவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு பிழை தோன்றச் சராசரியாக 22 நிமிடம் ஆகும். பத்து நிமிடம் சோதித்துவிட்டு, பிழையே இல்லை என்று எழுந்து போனவர் ஏமாந்தார். பிழை அதைவிடப் பத்து மடங்கு அரிது என்றால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உண்மையில் எந்தச் சோதனையும் உச்ச வேகத்திலேயே இடைவிடாது ஓடுவதில்லை. ஆகவே நேரம் இன்னும் நீளும்.

இதிலிருந்து ஒரு பெரிய உண்மை விளங்குகிறது. சோதனையில் ஒரு பிழை வந்தால், அமைப்பு நிலையற்றது என்பது ஐயமற்ற முடிவு. பிழை வராவிட்டால், இவ்வளவு நேரத்தில், இந்த வெப்பத்தில், இந்த வகைச் சோதனையில் பிழை காணப்படவில்லை என்பது மட்டுமே முடிவு. அறிவியலில் எந்தக் கொள்கைக்கும் இதுவே நிலை. பொய் என்று மெய்ப்பிக்க ஒரு சான்று போதும். மெய் என்று நிலைநாட்ட ஆயிரம் சான்றும் முழுமையாகப் போதா.

செய்ய விரும்புவோருக்கு

சொந்தக் கணிப்பொறியில், வீட்டாரின் இசைவோடு, இதைச் செய்து பார்க்க விரும்புவோர் ஆய்வுக்கூடத்து ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. முதலில் முக்கியமான கோப்புகளை வேறு வட்டில் படி எடுத்து, அந்த வட்டைக் கழற்றி வையுங்கள்.

2. ஒன்றையும் மாற்றாமல், இருக்கும் நிலையில் நினைவகத்தை ஓர் இரவு முழுவதும் சோதியுங்கள். குறித்த வேகத்திலேயே பிழை வந்தால், குறை பலகையிலோ பொருத்தத்திலோ உள்ளது. முடுக்கும் பேச்சே வேண்டாம்.

3. தொடக்க அளவுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். பயாஸ் அளவுகளைப் பழைய நிலைக்குத் திருப்பும் வழியைத் தாய்ப்பலகையின் கையேட்டில் முன்பே படித்து வையுங்கள்.

4. ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும், ஒரு படி மட்டும் திருப்புங்கள். மூன்றையும் ஒன்றாகத் திருப்பியவருக்குக் குறை எதனால் வந்தது என்று ஒருநாளும் தெரியாது.

5. ஒவ்வொரு படியிலும் சோதித்து, முடிவையும் வெப்பநிலையையும் எழுதுங்கள்.

6. மின்னழுத்தத்தைத் தயாரிப்பாளர் குறித்த எல்லைக்கு மேல் கூட்டாதீர்கள். மற்றத் தவறுகளைத் திருத்தலாம். கருகிய சில்லைத் திருத்த முடியாது.

7. முதல் பிழை தோன்றிய இடத்தில் நில்லாதீர்கள். அதிலிருந்து இரண்டு படி கீழே இறங்கி நில்லுங்கள். அந்த இரண்டு படிகள், பொறியாளர் விட்ட இடைவெளிக்குப் பதிலாக நீங்கள் விடும் இடைவெளி.

8. கோடையில் மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.

தவற்றைத் தானே திருத்தும் நினைவகம்

வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் உள்ள பெரிய கணிப்பொறிகள் என்ன செய்கின்றன? அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஹேமிங் 1950இல் ஓர் அரிய முறையை வெளியிட்டார். செய்தியோடு சில சரிபார்ப்பு பிட்டுகளைச் சேர்த்து வைத்தால், எந்தப் பிட் தவறியது என்பதைக் கணக்கிட்டே கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். இம்முறையின் வழிவந்த இ.சி.சி. நினைவகத்தில் 64 பிட்டுகளுக்கு 8 பிட்டுகள் காவல் நிற்பது வழக்கம். ஒரு பிட் தவறினால் திருத்தும். இரண்டு தவறினால் திருத்த இயலாது, ஆனால் கூவிச் சொல்லிவிடும்.

இந்தக் காவல் வீண் செலவு அன்று. கூகுள் நிறுவனத்தின் கணிப்பொறிகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரை, ஓர் ஆண்டில் நூற்றுக்கு எட்டு பலகைகளுக்கு மேல் பிழை கண்டன என்று தெரிவித்தது. அவை யாரும் முடுக்காத, குளிரூட்டிப் பேணிய பலகைகள்.

டி.டி.ஆர்.5 சில்லுகளுக்கு உள்ளேயே இத்தகைய காவல் ஒன்று இருக்கிறது. 128 பிட்டுகளுக்கு 8 பிட்டுகள். ஆகவே அஞ்ச வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் அது சில்லுக்குள் இருக்கும் அறைகளைத்தான் காக்கும். சில்லை விட்டு வெளியே வந்து, செயலியை நோக்கிக் கம்பியில் ஓடும் பிட்டை அது காக்காது. முடுக்கும்போது முதலில் இடறுவது பெரும்பாலும் அந்த ஓட்டத்தில்தான்.

முடிவு உங்கள் கையில்

விளையாட்டில் ஒரு படம் ஓரிடத்தில் நிறம் மாறித் தோன்றினால் உலகம் கவிழ்ந்துவிடாது. அங்கே சிறிது வேகத்துக்காகச் சிறிது ஐயத்தை ஏற்பது உங்கள் விருப்பம். ஆனால் அதே கணிப்பொறியில் அக்காவின் ஆய்வேடும், அப்பாவின் கடைக் கணக்கும், பாட்டியின் ஒரே புகைப்படமும் இருந்தால்? வேகத்தின் பயன் உங்களுக்கு. விலை அவர்களுக்கு என்று ஆகிவிடும். அத்தகைய கணிப்பொறியைக் குறித்த வேகத்திலேயே ஓட விடுவதுதான் நேர்மை.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். எழுபதாயிரம் எலக்ட்ரான்களில் எழுதிய செய்திக்கும் அது பொருந்தும்.

கணக்கின் விடை: முதலாவதில் கடிகாரம் நொடிக்கு 180 கோடித் துடிப்பு; 18 துடிப்புக்கு 10 நானோ நொடி. இரண்டாவதில் 320 கோடித் துடிப்பு. 32 துடிப்புக்கும் 10 நானோ நொடி. இரண்டும் சமம்!